செம்போத்துக்கு வர வேண்டிய விசாரிப்பு

அந்தக் காலத்தில், பறவைகள் வாயிலும் நம் வாயில் இருப்பது போலவே வார்த்தை இருந்தபோது, செம்போத்துக்கு முதலில் கெடுதல் செய்தவன் சருகன் என்கிற தவிட்டுக்குருவி. இதைச் செம்போத்தே சொல்லுவான். இரண்டாவது யார், மூன்றாவது யார் என்றும் வரிசையாகச் சொல்லுவான். இரண்டாவது ராசாளி. மூன்றாவது மழை. கேட்கிற ஆளைப் பார்த்து மற்ற பெயர்கள் முன்னே பின்னே போகும். முதல் பெயர் மட்டும் அசையாது.

அப்போது செம்போத்து, இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி வேலியோரம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறவன் இல்லை. ஏரிக்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம் இருந்தது. அந்தப் பக்கத்துப் பறவைகள் அத்தனைக்கும் அதுதான் ஊர். அதில் மேற்கே நீண்ட உச்சிக்கிளை செம்போத்தின் கிளை. கறுத்த உடம்பு, செங்கல் நிறத்தில் சிறகு, நாவல் பழம் போலக் கறுகறுவென்று கண். வயசாகிவிட்டது. பறப்பதில் எப்போதுமே கொஞ்சம் மட்டம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக அவனுக்கு நடுவில் இன்னொரு மரம் வேண்டும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அவன் வீட்டுக்காரி பெயர் பவளம். கொஞ்சம் கம்மின குரல், ஆனால் பேச்சுக்காரி. பொழுது சாயும்போது கிளையில் வந்து உட்கார்ந்தால், விடிந்ததிலிருந்து பார்த்தது, கேட்டது, நினைத்தது எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"எறும்பெல்லாம் இன்னைக்கு மேற்கால போகுது, பாத்தியா?"

"உம்."

"மேற்கால போனா மழைன்னு எங்கம்மா சொல்லும்."

"உம்."

"எங்கம்மா சொன்னது ஒண்ணும் பலிச்சதில்லை. உன்னை நல்லவன்னு சொல்லிக் கட்டி வச்சதே அதுதான்."

"உம்."

"நான் சொல்றதைக் கேக்குறியா, தூங்குறியா?"

"உம்."

"எதுக்கு உம்? கேக்குறதுக்கா, தூங்குறதுக்கா?"

"உம்."

பவளம் சிரித்துக்கொண்டே அவன் பிடரியில் அலகால் ஒரு கொத்து வைப்பாள். பக்கத்துக் கிளைகளில் இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு, செம்போத்துக்கு வாயில் மொத்தமே ஒரு வார்த்தைதான் என்று சிரிப்பார்கள். அவனுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்கிறவன் உம் கொட்டினால்தான் சொல்கிறவளுக்குச் சொல்ல வரும் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் தொண்டை கட்டி அவன் சும்மா இருந்துவிட்டான். பவளம் பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு, "இருட்டுல தனியா நடக்குற மாதிரி இருக்குய்யா," என்றாள். அதற்குப் பிறகு ஒருநாள் கூட அவன் உம் கொட்டத் தவறியதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் பவளம் மூன்று முட்டை இட்டாள். செம்போத்து நீளநீளமான இலையாகக் கொண்டுவந்து, சுருட்டிச் சுருட்டிப் பந்து போலக் கூடு கட்டியிருந்தான். பக்கவாட்டில் ஒரு வாசல். அந்த வாசல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு பவளம் ஒருநாள் காலையில் சொன்னாள்.

"அக்கரை நத்தை திங்கணும் போல இருக்குய்யா. இக்கரை நத்தை சேறு நாறுது."

"வானம் ஒரு மாதிரி இருக்கே."

"அடடா, நீ இத்தனை வார்த்தை பேசுவியா! வந்தா நான் நனைஞ்சுட்டுப் போறேன். நீ போய்ட்டு வா."

"உம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் அக்கரை சேர்ந்து, நல்லதாகப் பார்த்து ஒரு நத்தையைக் கவ்வித் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. காற்றும் ஆலங்கட்டியுமாகக் கொட்டியது. அவன் சிறகு நனைந்தால் கல்லைக் கட்டிய மாதிரி. ஏரிக்கு மேலே பறந்து பார்த்தான். தண்ணீரில் விழப் பார்த்துக் கரைக்கே திரும்பினான். பிறகு நடந்தான். ஏரியைச் சுற்றி நடந்தான். ஒன்றரை நாள் நடந்தான். வழியில் பசித்தது. அலகில்தான் நத்தை இருந்தது. தின்னவில்லை.

மழை விட்டு வெளிச்சம் வந்தபோது இலுப்பை மரத்தில் கிளை கிளையாகத் தொத்தி ஏறினான். பவளம் கூட்டுக்குள் முட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நத்தையை வாசலில் வைத்தான்.

"இந்தா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாமதமாக வந்ததற்குக் கோபம் என்று நினைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவள் பேச்சைத் தொடங்கட்டும் என்று, "உம்?" என்றான்.

அப்போதும் பேச்சு இல்லை. தலையை உள்ளே விட்டு அவள் கழுத்தைத் தொட்டான். குளிர்ந்து போயிருந்தது. அடியில் மூன்று முட்டையும் குளிர்ந்து போயிருந்தன.

அந்தக் காலத்தில் அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கிளையில் சாவு விழுந்தால் மரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தக் கிளைக்கு வந்து விசாரிக்க வேண்டும். விசாரிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படிய்யா இருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இழந்தவன் பேசினால் உம் கொட்ட வேண்டும். பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வராதவனை மறந்துவிடலாம். சாவுக்கு வந்து விசாரிக்காதவனை மறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

செம்போத்து எல்லோர் வீட்டுச் சாவுக்கும் போனவன். சருகனுடைய அப்பன் செத்தபோது முதலில் போய் உட்கார்ந்தவன் அவன்தான். இரண்டு நாள் அந்தக் கிளையை விட்டு நகரவில்லை. சருகன் அழுது அழுது அப்பனைப் பற்றிச் சொன்னதையே முப்பது தடவை சொன்னான். செம்போத்து முப்பது தடவையும் புதிதாகக் கேட்கிறவனைப் போல உம் கொட்டினான்.

அதனால் இப்போது அவன் வாசல் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து, வருகிறவர்கள் உட்கார இடம் விட்டுக் காத்திருந்தான். வந்து கேட்டால் சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. பவளம் பேசினதெல்லாம் அவனிடம்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், மூச்சு வரும் என்று இருந்தது. வேறெதையும் அவன் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்துக்கெல்லாம் தலைவன் ராசாளி. வானத்திலேயே இருப்பவன். கீழே நடப்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் வார்த்தையில் மகா கஞ்சன். கிளையில் செம்போத்து தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கீழே ஏழு தவிட்டுக்குருவிகள் மழைக்குப் பிறகு கிளம்பிய ஈசலைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. ராசாளி தாழப் பறந்து வந்து சொன்னான்.

"செம்போத்து வீட்டுல சாவு. போய் விசாரிச்சுட்டு வாங்கடா."

சொல்லிவிட்டு மேகத்துக்குப் போய்விட்டான்.

ஏழு பேரில் மூத்தவன்தான் சருகன். வெளுத்த முழி, கலைந்த இறகு, எதிலும் முன்னால் நிற்க வேண்டும் என்கிற ஆசை. அவனிடம் இதுவரை யாரும் ஒரு வேலையைச் சொன்னதில்லை. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"கேட்டீங்களா? விசாரிக்கச் சொல்லிட்டாரு!"

அவன் தங்கை கீச்சாயி சொன்னாள். "துக்கம்தானேண்ணே விசாரிக்கணும்? வா, போய் உக்காந்துட்டு வருவோம்."

"உனக்கு எப்பவும் ஈசல் அளவுக்குத்தான் புத்தி. துக்கம் விசாரிக்க ஒருத்தர் உத்தரவு போடணுமா? அது நம்மளா போறது. தலைவர் எறங்கி வந்து சொல்றாருன்னா அது வேற விசாரணை. சாவுல ஏதோ இருக்கு."

"இருக்குமோ?" என்றது இன்னொரு குருவி.

"இல்லாமலா ஏழு பேரை அனுப்புறாரு?"

ராசாளி ஏழு பேரை அனுப்பவில்லை. அங்கே ஏழு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல யாரும் இல்லை. வெள்ளைக்காரன் பாஷையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை உண்டு என்கிறார்கள். நலம் கேட்பதற்கு ஒன்று, நெருக்கிக் கேட்பதற்கு ஒன்று. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அன்பாகச் சொன்னால் அன்பு, அதட்டிச் சொன்னால் அதட்டல். பறந்துகொண்டே சொன்னால் எது என்று சருகனைப் போன்றவனுக்கு எப்படித் தெரியும்?

ஏழு பேரும் திபுதிபுவென்று உச்சிக்கிளைக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் செம்போத்து நிமிர்ந்தான். வந்துவிட்டார்கள்! அதிலும் சருகன் முதல் ஆளாக வந்திருக்கிறான்! இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

யாரும் உட்காரவில்லை. சுற்றி நின்றுகொண்டார்கள்.

"சாவு எப்ப?" என்றான் சருகன்.

செம்போத்துக்குப் புரியவில்லை. "என்னடா சருகா?"

"சருகான்னு இப்பக் கூப்பிடாதீங்க மாமா. நான் விசாரணைக்கு வந்திருக்கேன். சாவு எப்ப?"

"நான் வந்து பார்க்கையில..."

"அப்ப நீங்க இல்ல."

"இல்ல."

"எங்க போனீங்க?"

"அக்கரைக்கு."

"எதுக்கு?"

செம்போத்து வாயைத் திறந்தான். வாசலில் அந்த நத்தை இன்னும் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குறாரு," என்றான் சருகன் மற்றவர்களைப் பார்த்து.

அதற்குப் பிறகு ஏழு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"வானம் கறுத்தது தெரியாதா?"

"கூட்டை எதுக்கு இவ்வளவு உசரத்துல கட்டுனீங்க?"

"வாசலைக் கிழக்கால வச்சது யாரு? ஐப்பசிச் சாரல் கிழக்காலதானே அடிக்கும்?"

"பறக்கத் தெரியாதவர் அக்கரைக்கு ஏன் போகணும்?"

"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"கண்ணு ஏன் செவந்திருக்கு? முந்தாநேத்து வரைக்கும் கறுப்பாத்தானே இருந்துச்சு?"

"தப்புப் பண்ணவன் கண்ணுதான் செவக்கும்."

"தூங்காதவன் கண்ணும் செவக்கும்ணே," என்றாள் கீச்சாயி.

"ஏன் தூங்கல? அதான் கேள்வி!" என்றான் சருகன்.

இந்தக் காலத்தில் இதற்கு என்கொயரி என்று பெயர் வைத்து, மேசை போட்டு, நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துக் கேட்கிறார்கள். செம்போத்துக்கு மேசையும் இல்லை, தண்ணீரும் இல்லை. உச்சி வெயில் ஏறியது. அவன் ஒன்றரை நாள் நடந்தவன். சாப்பிடாதவன். முதல் நாலைந்து கேள்விகள் குத்தின. அதற்குப் பிறகு அவை வெறும் சத்தமாகிவிட்டன, தகரத்தில் மழை விழுகிற மாதிரி. அவன் பவளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கீச்சாயிக்குப் பாவமாக இருந்தது. மழையில் நனைந்ததில் அவளுக்குத் தொண்டை கம்மிப் போயிருந்தது. அவள் பக்கத்தில் வந்து, கம்மின குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, நான் சொல்றதைக் கேக்குறீங்களா? நீங்க நேரத்துக்கு வந்திருந்தா அத்தை பொழைச்சிருக்கும். அப்ப நீங்கதானே மாமா காரணம்?"

அவள் சொன்னதில் முதல் வரி மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. நான் சொல்றதைக் கேக்குறீங்களா. அந்தக் குரல், அந்தக் கம்மல், அந்தக் கேள்வி. செம்போத்து கண்ணை மூடிக்கொண்டு, ஆயிரம் சாயங்காலம் சொன்னதைச் சொன்னான்.

"உம்."

"ஒத்துக்கிட்டான்!" என்று சருகன் குதித்தான். "உம்னுட்டான்! கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? ஒத்துக்கிட்டான்!"

ஏழு பேரும் கிளை கிளையாகப் போய்ச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் இலுப்பை மரம் முழுக்க அதுதான் பேச்சு. துக்கத்துக்கு வரக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒத்துக்கொண்டவனிடம் போய் என்ன விசாரிப்பது? பக்கத்துக் கிளைக்காரர்கள் வாலை அவன் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்கள்.

சருகன் ராசாளியிடம் போய், "விசாரிச்சுட்டோம்," என்றான்.

"நல்லது," என்றான் ராசாளி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செம்போத்து மேலும் மூன்று நாள் காத்திருந்தான். சாவுக்கு வர மூன்று நாள் கூட ஆகலாம். தூரத்தில் இருப்பவர்கள் உண்டு. ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு பச்சை இலையைக் கொண்டுவந்து கூட்டின் வாசலை அடைத்தான். நத்தையை உள்ளே வைத்துத்தான் அடைத்தான். பிறகு மரத்தை விட்டு இறங்கினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. மரத்தடியைத் தாண்டி, சங்கஞ்செடியும் காரைமுள்ளும் அடர்ந்த ஒரு புதருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டான். அங்கே உட்கார்ந்துதான் பெயர்களை வரிசைப்படுத்தத் தொடங்கினான்.

அன்று மத்தியானம் புதருக்கு வெளியே சருகு நசுங்கும் சத்தம் கேட்டது. கல்லாயி என்கிற ஆமை வந்துகொண்டிருந்தாள். ஏரியின் அக்கரையில் இருப்பவள். சாவு என்று கேள்விப்பட்ட அன்றே கிளம்பியிருக்கிறாள். அவள் நடைக்கு இன்றைக்குத்தான் வந்து சேர முடிந்தது.

"மேல ஏற முடியாதுன்னு தெரியும்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகலாம்னு வந்தேன் தம்பி. நீயே எறங்கிட்ட."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் ஒரு கல் மாதிரி உட்கார்ந்தாள். வெயில் ஒரு புறமிருந்து மறுபுறம் போனது. எறும்புகள் ஒரு சாரையாக அவர்கள் முன்னால் போயின.

"எறும்பு மேற்கால போனா மழை வரும்," என்றான் செம்போத்து திடீரென்று.

"உம்," என்றாள் கல்லாயி.

"அவ அம்மா சொன்னதாம்."

"உம்."

"எங்கிட்ட சொன்னா. நான்தான் கேக்கல. அக்கா, அவதான் அக்கரை நத்தை கேட்டா. வானம் ஒரு மாதிரி இருக்குன்னேன். போய்ட்டு வான்னா. அதை அவனுங்ககிட்ட நான் சொல்லல. சொன்னா, நாக்கு ருசிக்கு உசுரை விட்டாள்னு அவளைப் பேசுவானுங்க. எம் மேல பழி விழுந்தா விழட்டும். நான் இருக்கேன், தாங்கிக்குவேன். அவளால இனிமே பதில் சொல்ல முடியாதுல்ல?"

"உம்," என்றாள் கல்லாயி. அவள் குரல் உடைந்து போயிருந்தது.

அவன் பொழுது சாயும் வரை பேசினான். வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசினான். முடித்தபோது கல்லாயி சொன்னாள். "உனக்கு இப்பக் கொஞ்சம் தேவலையா தம்பி? நான் ஒருத்தி வந்தது போதும்னு மத்ததை விட்ரு."

"போதாது அக்கா. நீ வந்தது உன் பெருமை. அவன் வராதது அவன் மேல நிக்குது. அவன் அப்பன் சாவுக்கு முப்பது தடவை உம் கொட்டினேன். எண்ணி வச்சிருக்கேன்."

கல்லாயி கால்களை வெளியே எடுத்தாள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். ஆனால் மறுநாள் ராசாளி ஏரியில் தண்ணீர் குடிக்க இறங்கியபோது, கரையில் கிடந்த ஒரு கல் தலையை நீட்டி, "தலைவரே, ஒரு சேதி," என்றது. கல்லாயிதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராசாளி தவிட்டுக்குருவிகளைக் கூப்பிட்டான். ஏழு பேரும் வந்து நின்றார்கள்.

"நான் என்னடா சொன்னேன்?"

"விசாரிச்சுட்டு வரச் சொன்னீங்க," என்றான் சருகன்.

"என்ன பண்ணீங்க?"

"நல்லா விசாரிச்சோம் தலைவரே! ஏழு பேரும் மாத்தி மாத்தி விசாரிச்சோம். ஆள் லேசுல வாயத் தொறக்கல. கடைசில ஒத்துக்க வச்சுட்டோம்."

"எதை?"

சருகன் யோசித்தான். "அதை... தலைவர்தான் சொல்லணும்."

"அடப்பாவிகளா! பொண்டாட்டி செத்துக் கெடக்குறவனை எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு வாங்கடான்னு அனுப்பினா, ஏன் இருக்கேன்னு கேட்டுட்டு வந்திருக்கீங்களேடா!"

சருகனுடைய வெளுத்த முழி இன்னும் வெளுத்துப் போனது. அவனுக்கு அப்பன் செத்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கிளையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுத்த உருவம் நினைவுக்கு வந்தது. கீச்சாயி அழத் தொடங்கிவிட்டாள்.

ராசாளி புதருக்குப் பக்கத்தில் வந்து தரையில் இறங்கினான். இன்னொருவனைத் தேடி வந்து அவன் மண்ணில் கால் வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"செம்போத்து, நடந்தது தெரிஞ்சுது. உன் கிளை உனக்குத்தான். உன் மேல தப்பில்லைன்னு மரம் முழுக்கச் சொல்லச் சொல்றேன். வா."

"கிளை வேண்டாம்," என்றான் செம்போத்து உள்ளேயிருந்து. "அங்க இனிமே யார்கிட்ட உம் கொட்டறது?"

"வேற என்ன வேணும்?"

"விசாரிப்பு. எனக்கு வர வேண்டியது வரணும். அந்த ஏழு பேரும் வந்து, கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய மாதிரி கேக்கணும்."

ராசாளிக்கு உறைத்தது. "நானும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கணும்," என்றான்.

"ஆமா. நீங்க ரெண்டாவது," என்றான் செம்போத்து.

ராசாளி தவிட்டுக்குருவிகளிடம் சொன்னான். இந்த முறை வார்த்தையை மிச்சம் பிடிக்கவில்லை. "ஏழு பேரும் சேந்து போகணும். ஒரே ஒரு கேள்வி. எப்படி இருக்கீங்கன்னு கேட்டுட்டு, வாயை மூடி உக்காந்து, அவர் சொல்றது முடியற வரைக்கும் உம் கொட்டணும். அது முடியாம ஒருத்தனும் இலுப்பை மரத்து உச்சிக்கு வரக் கூடாது. தரையிலயே கெடங்க."

ஏழு பேரும் அன்றைக்கே போனார்கள். புதருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். செம்போத்து உள்ளே காரைமுள் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் சிவப்பு இன்னும் போகவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தான். எறும்பிலிருந்து தொடங்கலாம். அல்லது அவள் அம்மாவிலிருந்து.

"மாமா," என்றான் சருகன். "எப்படி... ஏன் மாமா முள்ளுக்குள்ள உக்காந்திருக்கீங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"ஒண்ணுதாண்ணே கேக்கணும்!" என்றாள் கீச்சாயி.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"ரெண்டு கேட்ட! தப்பான ரெண்டு!"

"அப்ப நீ கேளேன்! அன்னைக்கு நீதானே கடைசியாக் கேட்டுக் கெடுத்த?"

"நான் கெடுத்தேனா? விசாரணைன்னு ஆரம்பிச்சது யாரு?"

ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தத் தொடங்கினார்கள். யார் முதலில் சொன்னது, யார் கண்ணைப் பற்றிக் கேட்டது, யார் கூட்டைப் பற்றிக் கேட்டது என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். கேள்வி கேட்டுப் பழகின வாய். ஒன்று வந்தால் ஒன்பது வந்தது.

செம்போத்து பொறுத்துப் பார்த்தான். பாவம், தொடங்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். சொல்ல வராதவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இருட்டில் தனியாக நடக்கிற மாதிரி அவர்களை விடக் கூடாது. மனசுக்குள் அத்தனை பகையை வைத்துக்கொண்டே, அடித்தொண்டையிலிருந்து, ஆதரவாக, சொல்லுங்கள் நான் கேட்கிறேன் என்கிற மாதிரிச் சொன்னான்.

"உம்."

கத்தல் சட்டென்று நின்றது. தவிட்டுக்குருவிகளுக்கு அந்த ஒரு சத்தம் தெரியும். அன்றைக்கு உச்சிக்கிளையில், உச்சி வெயிலில், அவர்கள் பிடுங்கி எடுத்த சத்தம் அது. ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு கூசிப் போனது. சருகன்தான் முதலில் ஓடினான். மற்றவர்கள் பின்னாலேயே தத்தித் தத்தி அடுத்த புதருக்கு ஓடினார்கள்.

மறுநாளும் வந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

அவரவருக்குக் கிடைத்த வார்த்தையெல்லாம் காலப்போக்கில் தேய்ந்து, பறவைகள் பேச்சு போய்விட்டது. செம்போத்திடம் ஒன்று மட்டும் மிஞ்சியது. இப்போதும் தவிட்டுக்குருவிகள் ஆறும் ஏழுமாகச் சேர்ந்து, சண்டை போட்டுக்கொண்டே, கேட்க வேண்டிய அந்தக் கேள்வி எங்கேயாவது விழுந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு சருகாகப் புரட்டிக்கொண்டு புதர் புதராகப் போகின்றன. செம்போத்து சிவந்த கண்ணோடு முள்ளுக்குள் உட்கார்ந்து, "உம், உம், உம்" என்று அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். இதெல்லாம் பவளம் போன அந்த ஐப்பசி முதல்தான். அந்த ஒரு கேள்வியை இன்று வரை யாரும் அவனிடம் கேட்கவில்லை.